வாசல் கோபுர ஸ்டாம்பில் இருந்தவர்

ஊர் வாசல் கோபுரத்தின் படம் போட்ட ஸ்டாம்பில் ஆறு வருடங்களாக முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்த ஆள், ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நின்று, ஊர்ப்பக்கம் திரும்பினார். முதலில் கவனித்தவள் தபால் ஆபீசில் முத்திரை குத்தும் வேலையில் இருந்த அவருடைய மனைவி. பார்த்தாள்; கையிலிருந்த கடிதத்தைக் குத்திவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

விஷயம் இதுதான். கோபுரம் நானூறு வருடப் பழையது; மேலே ஓட்டுக் கூரை, கீழே வண்டி நுழையும் அளவுக்கு ஒரு வளைவு. ஸ்டாம்புக்காக அதைப் படம் எடுக்க ஆள் வந்த அன்று காலைதான் அவளுடைய வீட்டுக்காரர் குடையை ரிப்பேர் செய்து வருவதாகச் சொல்லி, ஒரு பையை எடுத்துக்கொண்டு, அந்த வளைவு வழியாக ஊரைவிட்டுப் போனார். குடை வீட்டிலேயே இருந்தது. அவர் வரவில்லை, ஸ்டாம்ப் வந்தது. அதில் எள்ளளவுக்கு அவர் இருந்தார். இடது தோள் சரிந்திருந்ததை வைத்து அவளும் மாமியாரும் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஊர் தன் பங்குக்கு அவரை ஓடுகாலி என்று முத்திரை குத்தியது. அவளுக்கு அதுவே உத்தியோகம் என்பதால் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை குத்தினாள். பாதிக்கு மேல் அந்த ஸ்டாம்ப்தான்.

மாமியார் தன் மகனை மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள், ஒற்றை ஸ்டாம்பாக வைத்திருந்தார். முதல் வருடமே ஒருநாள் மருமகளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“கொஞ்சம் பாத்துக் குத்தும்மா. அவன் முதுகுல விழுது.”

“என் முதுகுல குத்திட்டுப் போனவரு அவரு அத்தை. நான் தலையிலதான் குத்துறேன். தபால்தலையில. அதுக்குத்தான் என்னை வெச்சிருக்காங்க.”

அதன் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரே அறையில் தூங்கினார்கள், ஒரே சோப்பைத் தேய்த்தார்கள். அவளுக்குக் கோபம் இரண்டு வருடம் இருந்தது, அழுகை அதைவிடக் குறைவு. பிறகு எதுவும் இல்லை.

ஸ்டாம்பில் அவர் ஊர்ப்பக்கம் திரும்பிய பிறகு மாமியார் பூதக்கண்ணாடி வாங்கிவந்து தினமும் பார்த்தார். ஆபீஸ் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் ஓரடி முன்னால் வந்து அரிசியளவு ஆவதும், திங்கள் முழுக்கக் குத்து வாங்கிச் சாயங்காலம் பழையபடி வளைவுக்குக் கீழே எள்ளாகக் கிடப்பதும் அவருக்குப் புரிந்துபோனது. மற்ற ஊர்களில் முத்திரை போடுவது இயந்திரம். அது உருட்டிக்கொண்டு போகும், அடிக்காது. முத்திரைக் கட்டையைப் பிடித்துக் கையால் குத்துவது இந்த ஒரு ஆபீசில்தான். தன் கண்பார்வை வருடக் கடைசி வரைக்கும் வந்தாலே பெரிது என்று டாக்டர் சொன்னதை மாமியார் அதுவரை மருமகளிடம் மறைத்திருந்தார். இப்போது சொன்னார். முழுசாகப் போவதற்குள் ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

மறுநாளிலிருந்து அவள் ஸ்டாம்பின் மேல்மூலையில், கூரை ஓட்டின் மேல் மட்டும் குத்தினாள். பாதி முத்திரைதான் விழுகிறது, ஆட்கள் ஸ்டாம்பைப் பிய்த்து மறுபடி ஒட்டுகிறார்கள் என்று போஸ்ட் மாஸ்டர் மெமோ கொடுத்தார். கை சரியில்லை என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டாவது மெமோவுக்கும் அதே பதில். ஆறு வாரத்தில் வீட்டுக்காரர் ஸ்டாம்பின் கீழ் ஓரத்துக்கு வந்துவிட்டார். சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. அன்று போஸ்ட் மாஸ்டர் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடுவில் குத்தச் சொன்னார். அவள் கட்டையைக் கீழே வைத்தாள். மைப்பெட்டியை மூடினாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வேலை போய்விடும் என்று தெரியும். பயம் வருகிறதா என்று வழியெல்லாம் பார்த்தாள், வரவில்லை.

நாலு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். எல்லோரையும் போன்ற உயரம், அதே சட்டை, ஒரு நாள்கூட வயதாகவில்லை. மாமியார் அவரை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய்க் கால் மணி நேரம் முகத்தைப் பார்த்தார். பொடி எழுத்து தன் கண்ணுக்குத் தெரியாது, முதுகை நீ பார் என்று மருமகளிடம் சொன்னார். சட்டையைக் கழற்றினால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கருநீல வட்டங்கள். ஓரங்களில் தேதி படிக்க முடிந்தது. கடைசி ஆறு வாரத் தேதி ஒன்றும் இல்லை. அவள் தைலம் தடவினாள்.

“கடைசியில ஏன் நிறுத்தின?” என்றார்.

“அத்தைக்குக் கண்ணு போகுது.”

வேறு ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் தைல டப்பாவை மூடினாள். போன காரணத்தை அவராகவே சொல்லத் தொடங்கியபோது, அதை அத்தையிடம் சொல்லும்படி சொல்லிவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

சனிக்கிழமை போஸ்ட் மாஸ்டர் வந்து, கடிதம் மலையாகக் குவிந்திருப்பதாகவும் மெமோவைக் கிழித்துவிட்டதாகவும் சொன்னார். ஹாலில் உட்கார்ந்திருந்தவரை இரண்டு தடவை பார்த்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். ஸ்டாம்பில் வளைவுக்குக் கீழே இப்போது யாரும் இல்லை, விலை அதேதான். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போய் நடுவில் குத்தினாள். வீட்டில் இப்போது மூன்று பேர். அவள் தன் பாயை ஹாலுக்கு எடுத்துப் போனாள், அவருடைய பாயை மாமியார் அறையில் விரித்தார்கள்.