சர்க்கார் படத்துல சிரிச்சவங்க

அம்புரோஸ் வீட்டை விட்டுப் போனதுக்குப் பொம்பளை காரணமில்லே, முள்ளுக்கம்பிதான் காரணம். மலாயாவுல வெள்ளக்காரன் எமர்ஜென்சி போட்டு, காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்ட்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துடக் கூடாதுன்னு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளைச் சுத்தி வேலி அடிச்சாங்க பாருங்க, அன்னைக்கே மனுசன் குதிக்க ஆரம்பிச்சுட்டான். "கம்பிக்குள்ள கெடக்க நான் என்ன ஆடா?"ன்னு பொண்டாட்டி பார்பராகிட்ட கத்திட்டு, திரிங்காப்பு ஊருக்கு, லோரியில காய்கறி ஏத்துற வேலைக்குப் போனவன் போனவன்தான். ஆடாவது பொழுது சாஞ்சா வீடு திரும்பும். பத்து வயசு ரோசலினையும் ஏழு வயசு செசிலியையும் அவ தலையில கட்டிட்டு நாலு மாசம், ஒரு சேதி இல்லே.

பார்பரா அழுதாளான்னா, அழுதா. கொழுந்துக் கூடைக்குள்ள குனியற மாதிரி குனிஞ்சு, ஒருத்தருக்கும் தெரியாம அழுதா. சிரிக்கிறதைத்தான் சுத்தமா மறந்துபோனா.

நேரம் பார்த்து வந்து நின்னார் கிராணி செல்லையா. தோட்டத்து ஆபீஸ்ல எழுதுறவர். துரையைவிடப் பெரிய துரைன்னு நெனப்பு. "ஆம்பளை இல்லாத வீட்டுக்குத் தனிக் கதவு எதுக்கு? நீ ஒன் அண்ணன் வீட்டு மூலையில ஒண்டிக்க. ரெண்டு புள்ளையில ஒண்ணைக் கோயில் சாமியார்கிட்ட சொல்லி கன்னியாஸ்திரி மடத்துல விட்டுரலாம்"னார். என்னமோ கோழிக்குஞ்சைப் பங்கு போடற மாதிரி!

பார்பரா கூடையோட நேரா துரை முன்னால போய் நின்னா. "ரெண்டு ஆள் கொழுந்து நான் ஒருத்தியே பறிக்கிறேன் தொரை. வீட்டை எடுக்காதீங்க."

துரைக்கு அப்போ ஒரு புது யோசனை. வீட்டுக்கு வீடு கதவுல படம் ஒட்டணும், படத்துல இருக்கிறவங்கதான் அந்த வீட்டு ஆளுங்க. "சரி, மூணு பேரையும் படம் எடு. தலைவர் பேரு பார்பரான்னே எழுது. ஆனா சாயங்காலச் சோதனையில ஒருநாள் முகமும் படமும் பொருந்தலைன்னாலும் வீடு போச்சு"ன்னுட்டார்.

பிரிஞ்சாங்ல படக்கடை வச்சிருந்த சாகுல் ஹமீது பாய் மூணுகால் கேமராவோட வந்தார். பாய் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டதும் கிராணி ஆரம்பிச்சுட்டார். "யாரும் பல்லைக் காட்டப்படாது! இது சர்க்கார் படம்! வாயை மூடு!" சொல்லிக்கிட்டே, எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாக்க ஒவ்வொரு அடியா பின்னால போனார். பின்னால லயத்துச் சாக்கடை. தொப்பி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், ரெண்டு சப்பாத்தும் வானத்தைப் பாத்துக்கிட்டு!

பாய் அமுக்கினது அந்த நேரத்துல. படத்துல பார்பராவுக்கு வாய் காது வரைக்கும். ரோசலினுக்குக் கண்ணே இல்லே. செசிலிக்கு முன்பல் விழுந்த ஓட்டை ரெண்டும் பளிச்சுன்னு. "வேற எடுங்க பாய்"னு கிராணி சேத்தோட கத்தினார். "வீட்டுக்கு ஒரு படம்தான் துரை சொன்னது"ன்னு பாய் மூட்டையைக் கட்டிட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணி. பெக்கான்லேருந்து புதுசா வந்த மலாய் போலீஸ்காரர் கதவுல ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார், ஆளுங்களைப் பார்த்தார். பயத்துல மூணும் எழவு வீட்டு மூஞ்சி. "ஓராங் லாயின்-லா. இது வேற ஆளுங்க"ன்னார். பக்கத்துல கிராணி, படத்துக்குக் கீழ பென்சில்ல எழுதின பேரை அழிக்கக் கையில ரப்பர்.

"ஐயோ மாதாவே! அம்மா, சிரிங்கம்மா!"ன்னு ரோசலின் கிள்ளினா. பார்பரா சிரிச்சா. பல்வலிக்காரி மாதிரி இருந்தது. போலீஸ்காரர் தலையைச் சாய்ச்சுப் படத்தைப் பார்த்துட்டு, போனாப் போகுதுன்னு நோட்டுல குறி போட்டார்.

அப்புறமென்ன, தெனம் ஆறு மணிக்குச் சட்டப்படி சிரிப்பு. "கெத்தாவா"ம்பார் அவர், சிரின்னு. செசிலி ஒருநாள் கிராணி மாதிரி நடந்து காட்டுவா, ரோசலின் ஒருநாள் துணிக்குள்ள தலையை விட்ட பாய். பத்தாம் நாள் பார்பராவுக்கு நெசமாவே சிரிப்பு வந்து, பக்கத்து வீட்டு ஆளுங்கெல்லாம் வேடிக்கை பாக்க வந்துட்டாங்க. ஆறு மணி எப்போ வரும்னு மலையில கொழுந்து பறிக்கிறப்பவே அவளுக்கு மனசு அடிச்சுக்க ஆரம்பிச்சது. சந்தோசமா இருந்தா, அவ்வளவுதான்.

ரெண்டு மாசம் கழிச்சு, ரெண்டு முட்டைக்கோசும் துணிமூட்டையுமா வந்து நின்னான் அம்புரோஸ். "வெளியிலயும் குளிருதுடி"ன்னான். பார்பரா தேத்தண்ணி கொடுத்தா. புள்ளைங்க மடியில ஏறிக்கிச்சுங்க. மணி ஆறாச்சு.

"இவன் யார்?"னார் போலீஸ்காரர்.

கிராணி முந்திக்கிட்டார். "வீட்டுக்காரன் வந்துட்டானே! தலைவர் பேரை அழிச்சு அம்புரோஸ்னு மாத்திடலாம்."

ரப்பரைப் பார்த்ததும் பார்பரா கதவை மறிச்சுக்கிட்டு நின்னா. இந்த மனுசன் வரணும்னு அவ எத்தனை ஜெபமாலை சொல்லியிருப்பா! ஆனா பேரை மாத்தினா, அடுத்த தடவை இவர் கோவிச்சுக்கிட்டுப் போறப்போ வீடும் கூடவே போயிடுமே.

"விருந்தாளிங்கய்யா. இப்போ கெளம்பிருவாரு. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு சாப்பிட வருவாரு."

"நான் விருந்தாளியா!"

"விருந்தாளிக்குத்தாங்க கறி ஆக்குவாங்க. யோசிச்சுக்குங்க."

அம்புரோஸ் யோசிச்சான். "எத்தனை ஞாயித்துக்கெழமைக்கு?"

"அடுத்த படம் எடுக்கிற வரைக்கும்."

அவன் முட்டைக்கோசை வச்சுட்டு மூட்டையைத் தூக்கிக்கிட்டு நடந்தான். போலீஸ்காரர் காத்துக்கிட்டு நின்னார். பார்பராவுக்குக் கண்ணு நெறைஞ்சு நிக்குது, வாயில சிரிப்பு வர மாட்டேங்குது. கிராணி ரப்பரைத் தூக்கினார்.

"கிராணியையா, பின்னால சாக்கடை!"ன்னு கத்தினா செசிலி. கிராணி தவளை மாதிரி முன்னால தாவினார். சாக்கடை அந்தாண்ட பத்தடி தள்ளிக் கெடந்தது.

அழுதுக்கிட்டே சிரிச்சா பார்பரா. மூணு பேரும் சேந்து சிரிச்சாங்க, போதும் போதும்னு போலீஸ்காரர் குறி போட்ட பெறகும் நிறுத்த முடியலே. கேட்டுக்கு அந்தப் பக்கம், கம்பியைப் புடிச்சுக்கிட்டு அம்புரோஸும் சிரிச்சுக்கிட்டிருந்தான்.

"நீ எதுக்குச் சிரிக்கிறே? ஒன் படம் இங்க இல்லே-லா!"ன்னு அதட்டினார் போலீஸ்காரர்.

"அதுக்குத்தாங்கய்யா பழகறேன்"னான் அம்புரோஸ்.