அக்காவின் நெஞ்சில் ஓடிய எஞ்சின்

பழைய காரின் எஞ்சினைச் சங்கிலி போட்டு வெளியே தூக்கிய அன்று, அதன் சத்தம் பல்செட் செய்கிறவருடைய அக்காவின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எஞ்சின் ஆடிவிடாமல் அவள்தான் ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தாள். மரக்கட்டைகள்மேல் அதை இறக்கி வைத்ததும் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு, "டேய், ஆஃப் பண்ணிட்டுத்தானே தூக்கின?" என்று கேட்டாள். பேட்டரியைக் கழற்றியே ஒரு வாரம் ஆகியிருந்தது. தம்பி குனிந்து எஞ்சினில் காதை வைத்துப் பார்த்தார். அது கல்லாகக் கிடந்தது. நிமிர்ந்து அக்கா பக்கம் திரும்பினார். கியரில் போடாமல் நிற்கிற வண்டியின் சத்தம், மூன்றாவது சிலிண்டர் அடிக்காத அந்த நொண்டலோடு சேர்த்து, அவளுடைய மேல்பொத்தானுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.

வீட்டின் முன்னறையில் தம்பி பல்செட் செய்துவந்தார். அக்காவுக்கு நூலகத்தில் வேலை. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் அக்கா, "எங்க வீட்ல ஏற்கனவே ஏகப்பட்ட பல் இருக்கு" என்பாள். தம்பியை விட வயதில் மூத்த அந்தக் கார்தான் அவர் வாங்கிய முதல் கார். வாங்கிய பிறகுதான் அது பெட்ரோலை விட ஆயிலை அதிகம் குடிப்பது தெரிந்தது. எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்வது, பிரித்ததுதான் பிரித்தோம் என்று சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவது, ஒன்றுக்கு இரண்டு கார்புரேட்டர் வைப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். அக்காவின் நெஞ்சு அந்தத் திட்டத்தில் இல்லை.

நூலகத்தில் முதல் சில நாள் முணுமுணுப்பு எழுந்தது. அப்புறம் வாசகர்களுக்கு அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூக்கம் வர ஆரம்பித்ததால், அவளைப் பழைய இதழ்கள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். டாக்டர் குழாயை வைத்து முன்னால் கேட்டார், முதுகில் கேட்டார். "உங்க இதயம் எங்கம்மா?" என்றார். "வச்ச இடத்துலதான் இருக்கும் டாக்டர். நான் எங்கயும் கழட்டி வைக்கல." டாக்டர் சிரிக்கவில்லை. இதயத் துடிப்பு என்று தனியாக எதுவும் கேட்கவில்லை, ஓடுவது எஞ்சின் மட்டும்தான், அது நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்று தம்பியை வெளியே அழைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, கார்புரேட்டரைக் கழுவிப் பார்த்தாரா என்றும் விசாரித்தார்.

எஞ்சினைப் பிரிக்கப் பிரிக்க அவள் இளைத்தாள். மேல்மூடியைக் கழற்றியபோது பேச்சு பாதியில் அறுந்தது. கிராங்க் தண்டு கடைசல் பட்டறைக்குப் போன நாள்களில் அவளால் ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியவில்லை. எதையும் மாற்ற வேண்டாம், இருந்தது இருந்தபடியே பூட்டிவிடலாம் என்றார் தம்பி. அக்கா தலையணையில் சாய்ந்தபடி, "மூணாவது சிலிண்டர் செத்துப்போன எஞ்சினையா திரும்ப எனக்குள்ள வைக்கப் போற? பெரிசாவே போடு" என்றாள். "தாங்குமாக்கா?" "யாரு, காரா, நானா?" மறுநாள் பட்டறைக்குப் போய்ப் பெரிய பிஸ்டனுக்கே சொல்லிவிட்டு வந்தார்.

பட்டறைக்காரர் சிலிண்டர்களை அளவாகக் குடைந்து, உட்சுவரில் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கீறல்கள் போட்டு அனுப்பினார். அவை எதற்கு என்று அவர் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் யாரும் யாருக்கும் அதைச் சொல்வதில்லை. பல்செட்காரர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். வேலையை அரைகுறையாக விட்டிருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. அவர் கையிலிருந்து ஒரு செட்கூடப் பளபளக்காமல் வெளியே போனதில்லை. இதுவோ சொந்த அக்காவின் விஷயம். கம்பளிச் சக்கரத்தையும் பாலிஷ் பசையையும் எடுத்துவந்து, நான்கு சிலிண்டர்களிலும் தன் முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்தார். முகம் நான்காகத் தெரிந்தபோது அந்த மாதத்தில் முதல்முறையாக அவருக்கு நிம்மதியாக இருந்தது.

எஞ்சினைக் காரில் பூட்டி, சாவியைத் திருப்பிய நாளில் அக்கா ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பானெட்டுக்குக் கீழே எல்லாம் சத்தமில்லாமல் சுற்றியது. அவள் நெஞ்சில் நான்கு சிலிண்டரும் சேர்ந்து அடித்தன. எழுந்து நின்றாள். "டேய், பரவாயில்லையே..." என்று வாயைத் திறந்தாள். வார்த்தையோடு நீலப் புகை வந்தது.

அதன்பின் அவள் பேசினால் புகை, கொட்டாவி விட்டால் புகை. நூலகத்தில் காகிதங்களுக்கு நடுவே இது ஆகாது என்று விடுப்பில் அனுப்பினார்கள். புகையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆயில் இறங்கியதுதான் பயத்தைத் தந்தது. காரில் ஆயில் குறையக் குறைய அவளுடைய உதடு வெடித்தது, கன்னம் ஒட்டிப்போனது. தம்பி ஓடிப்போய் எஞ்சினில் ஆயில் ஊற்றினால் முகத்தில் களை திரும்பும், விடிவதற்குள் வற்றிவிடும். ஆயிலில் நனைந்து ஸ்பார்க் பிளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முதலில் ஒரு சிலிண்டர் நின்றது, அவளுக்கு இடது கை மரத்தது. இன்னொன்றும் நின்றபோது படுக்கையை விட்டு எழ முடியவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று தம்பி ஒவ்வொரு நட்டாக மனதுக்குள் கழற்றி மாட்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

பிடிபட்டது வேலை மேஜையில்தான். யாருக்கோ நாள் தவறிப்போன ஒரு செட்டை முடித்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தார். வெளிப்பக்கத்தைச் சக்கரத்தில் காட்டி மினுக்கிவிட்டு, வழக்கம்போல ஈறில் உட்காரும் உட்பக்கத்தைத் தொடாமல் கீழே வைத்தார். உட்பக்கத்துக்கு யாரும் பாலிஷ் போடமாட்டார்கள். போட்டால் ஈறில் பிடிக்காது, வழுக்கும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தத் தோன்றாமல் அவர் எழுந்து அக்கா அறைக்குப் போனார்.

"அக்கா, நான்தான்."

"தெரியுது. உள்ள வா."

"அதில்லக்கா. நான்தான் கெடுத்தது. சிலிண்டர் உள்பக்கம் பாலிஷ் போட்டுட்டேன். பிஸ்டன் ரிங்குக்குப் பிடிப்பே இல்ல. ஆயில் எல்லாம் மேல ஏறி எரியுது."

அவள் சிரித்தாள். அறை நீலமானது. "நீ எதைத்தான் பாலிஷ் போடாம விட்டிருக்க? போ, போய்க் கீறிட்டு வா."

கீறுவதற்குப் பிஸ்டன்களை மறுபடி உருவ வேண்டும். முதல் தடவை மூன்று ஓடியதால் தாங்கினாள், மிச்சமிருக்கிற இரண்டு சிலிண்டரும் அதைத் தாங்குமா என்று தம்பி டாக்டரிடம் கேட்டார். தெரியாது என்றவர், பையோடு வந்து ஷெட்டில் உட்கார்ந்தார். அக்காவை நாற்காலியோடு தூக்கிவந்து எஞ்சினுக்கு எதிரே வைத்தார்கள். மூடி கழன்றதும் அவள் சத்தம் தணிந்து, தொலைவில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஆனது. பிஸ்டனை ஒவ்வொன்றாக உருவ, தட்டல் ஒவ்வொன்றாகக் குறைந்தது. நான்காவது வெளியே வந்தபோது ஒன்றுமே கேட்கவில்லை. டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

அக்காவின் கண் திறந்திருந்தது. நாற்காலிக் கையில் அவளுடைய ஆள்காட்டி விரல் தட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் எந்தச் சீரில் ஓடுமோ அதே சீரில், நான்கையும் சேர்த்துத் தட்டினாள். தாளம் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று அவளே அதை வைத்திருந்தாள்.

தேய்ப்புக்கல் பூட்டிய கருவியைத் தம்பி முதல் சிலிண்டருக்குள் இறக்கினார். வாழ்நாள் முழுவதும் கீறலை எடுத்தே பழகிய கை, கீறல் போட மறுத்தது. கல் சுவரில் படுமுன்னே வெளியே வந்தது. அவர் டாக்டரைப் பார்த்தார். "அந்த விரலைப் பாருங்க சார், என்னைப் பாக்காதீங்க" என்றார் டாக்டர். விரல் தட்டும்போது கல்லை மேலே இழுத்தார், அடுத்த தட்டலில் கீழே இறக்கினார். ஏறுவதும் இறங்குவதும் ஒரே வேகத்தில் நடந்ததால் கீறல்கள் ஒன்றையொன்று சரியான சாய்வில் வெட்டின. கண்ணாடியாக மின்னிய சுவர் மங்கியது, அவர் முகம் ஒவ்வொரு சிலிண்டராக மறைந்தது. மூன்றாவதில் விரல் தளர்ந்தது. அவரும் அதோடு சேர்ந்து தளர்ந்தாரே தவிர அவசரப்படவில்லை. புது ரிங் மாட்டி, பிஸ்டன் இறக்கி, மூடி பூட்டி முடிக்கச் சாயங்காலம் ஆனது. விரல் அதற்குள் நகத்தால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினார். விரல் நின்றது. டாக்டர் எழுந்தார். தம்பி அவள் பக்கம் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை திருப்பினார்.

அக்கா இருமினாள். வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்தது, அடுத்த மூச்சில் அதுவும் இல்லை. முன்னைவிடக் கனமான, நொண்டாத சத்தம் ஷெட்டை நிறைத்தது. அலமாரியில் ஸ்பேனர்கள் அதிர்ந்தன. "கீறிட்டியா?" என்றாள். அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். "ஏண்டா, வண்டி ஓடுது, இப்போ போய் அழுதுட்டு. ஆயில் பாரு." ஆயில் இறங்கவில்லை. ஒரு மாதம் கழித்தும் இறங்கவில்லை.

சத்தம் காருக்குத் திரும்பவில்லை, யாரும் அதைத் திருப்பிக் கேட்கவுமில்லை. அக்கா நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்கு மாறி, சில வருடங்களில் அதற்குப் பொறுப்பாளரும் ஆனாள். கார் பூனைபோல் ஓடியதால் நடந்து போகிறவர்கள் விலகுவதற்காகவாவது அவள் முன்சீட்டில் உட்கார வேண்டியிருந்தது. வண்டித் தகுதிச் சோதனைக்கும் அவளோடுதான் போவார்கள். முதல் தடவை ஆய்வாளர் சத்தமானியைச் சைலன்சர் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றார். "பண்ணியிருக்கு சார்" என்றார் தம்பி. அக்கா கதவைத் திறந்து இறங்கி ஆய்வாளர் முன் போய் நின்றாள். ஆய்வாளர் கருவியை அவள் பக்கம் திருப்பினார். "கொஞ்சம் மிதிங்க." தம்பி மிதித்தார். முள் ஏறி, அனுமதித்த அளவுக்குச் சற்றுக் கீழே நின்றது.

"சத்தம் ஓகே. புகை?"

ஆய்வாளர் நீட்டிய வெள்ளைத் துணியில் அக்கா ஊதிக் காட்டினாள். அவர் துணியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கறை இல்லை.

"சரிம்மா, ஏறிக்குங்க" என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்ற லாரியைக் கை காட்டிக் கூப்பிட்டார்.