மூன்று ராத்திரியா, இரண்டரை மணி நேரமா

திங்கட்கிழமை காலையிலிருந்து அஜீசுன்னிசாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெட்டியைக் கட்டுவாள். எதையோ மறந்துவிட்டதாகத் தோன்றி அவிழ்ப்பாள். எல்லாம் இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி கட்டுவாள். போர்ட் பிளேருக்குப் போக அவளும் கணவரும் டிக்கெட் எடுத்திருந்த கப்பல் செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டியது. கடலில் காற்றழுத்தத் தாழ்வு, வெள்ளிக்கிழமைதான் கிளம்பும் என்று காலையில்தான் செய்தி வந்திருந்தது.

அந்தமானில் அவளுடைய ஒரே மகள் லுப்னா நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு காத்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய முதல் பிள்ளை ஆறாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. அதனால் இந்தத் தடவை பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக்கூடப் போகக் கூடாது, ஊரைவிட்டு அசையக் கூடாது என்று அங்கத்திய டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வர முடியாவிட்டால் தாய் போக வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதில் போவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

விமானத்தில் இரண்டரை மணி நேரம். கப்பலில் மூன்று ராத்திரி. ஆனால் அவள் கணவர் ரஹீம் விமானம் ஏறக் கூடாது. முப்பது வருஷம் மணலியிலிருந்து டேங்கர் லாரி ஓட்டிய மனுஷன் அவர். போன மாதம் ஒருநாள் விடிகாலைத் தொழுகைக்கு எழுந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. நுரையீரலில் ஓட்டை விழுந்து, கசிந்த காற்று நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டது என்றார்கள். விலாவில் குழாய் செருகி எட்டு நாள் படுக்க வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, இரண்டு மாதத்துக்கு விமானம் மட்டும் வேண்டாம் என்று டாக்டர் எச்சரித்தார். கப்பலில் போகலாமா என்று ரஹீம் கேட்டார். போகலாம், துணைக்கு ஆள் இருந்தால் நல்லது என்றார் டாக்டர்.

அந்த வார்த்தையை ரஹீம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேருமா கப்பல்ல போவலாம். பேஜாரே இல்ல. டெலிவரிக்கு இன்னும் மூணு வாரம் கீது."

"மூணு நாளு போன் இல்லாம கடல்ல கெடக்கணுமே. நடுவுல அவளுக்கு ஒண்ணுன்னா யாராண்ட கேக்கறது?"

"அப்ப என்ன வுட்டுட்டு நீ மட்டும் போவப்போறியா? அவ எனக்குந்தான் பொண்ணு."

அவரை விட்டுப் போவதை நினைத்தால் அந்த நீல உதடு கண்ணில் வந்து நின்றது. போகாமல் இருப்பதை நினைத்தால் லுப்னாவின் முகம் வந்து நின்றது. சாயங்காலம் பால் வாங்கப் போனவள், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ரொம்ப நேரம் நின்றிருந்தாள். கேட் திறந்துதான் இருந்தது. பின்னாலிருந்து ஒரு ஆட்டோக்காரர், "இன்னாம்மா, ரயிலு போயி பத்து நிமிசம் ஆவுது" என்று சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தாள். பால் வாங்காமலே வீடு திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மருமகன் சுஃபியான் போன் செய்தான்.

"மாமி, பயப்படாதீங்க. லுப்னாவுக்கு பிரஷர் ஏறிடுச்சு. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். இறங்கலேன்னா வெள்ளிக்கிழமை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்னு சொல்றாங்க."

பின்னால் லுப்னாவின் குரல் கேட்டது. "அம்மா, நீ எப்ப வர்ற?" அவ்வளவுதான் கேட்டாள். முதல் பிள்ளை போனபோதும் இதையேதான் கேட்டாள். அன்றைக்கு அஜீசுன்னிசா கணவரோடு கப்பலில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போனை வைத்துவிட்டு ரஹீமைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"நான் நாளைக்கே போறேங்க" என்றாள்.

"போ" என்றார். "நான் இன்னா கொயந்தையா? போ." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தார். ராத்திரி சாப்பாட்டுக்கும் எழவில்லை.

எதிர்வீட்டு உமைமா ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடும் பெண். அவள்தான் விமானத்துக்கு டிக்கெட் போட்டாள். ரஹீமின் கப்பல் டிக்கெட்டையும் ரத்து செய்யச் சொன்னாள் அஜீசுன்னிசா. "பெரிப்பாவ நான் பாத்துக்கறேன் பெரிம்மா. வேளாவேளைக்கு மாத்திர குடுக்கறேன். நீ நிம்மதியா போ" என்று தலையாட்டினாள் உமைமா.

புதன்கிழமை காலையில் தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் ரஹீம் கூடவே வந்தார். மின்படிக்கட்டு வாசலில் பெட்டியை அவள் கையில் கொடுத்தார். "மாத்திரைய மறந்துடாதீங்க" என்றாள். "உம்" என்றார். படி அவளைக் கீழே இறக்கிக்கொண்டு போனபோது திரும்பிப் பார்த்தாள். அவர் நின்றுகொண்டிருந்தார். கையைக்கூட ஆட்டவில்லை.

அதுவரைக்கும் அவள் தனியாக அயனாவரம் தாண்டிப் போனதில்லை. விமான நிலையத்தில் யாரோ காட்டிய வரிசையில் நின்றாள், யாரோ சொன்ன வாசலில் நுழைந்தாள். பக்கத்து சீட்டிலிருந்த பெண் பெல்ட்டை மாட்டிவிட்டாள். விமானம் எழும்பியபோது கண்ணை மூடியவள், இறங்கும்வரை திறக்கவில்லை. உதடு மட்டும் ஓதிக்கொண்டே இருந்தது. பயம் விமானத்தைப் பற்றியது இல்லை. இந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கிறதோ, இங்கே என்ன நடக்கிறதோ என்பதுதான்.

ஆஸ்பத்திரியில் லுப்னாவின் கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. அம்மாவைப் பார்த்ததும் அவள் அழவில்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அஜீசுன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிரஷர் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை லுப்னாவை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் ரஹீமுக்குப் போன் செய்தாள். ஒரே இரைச்சல்.

"எங்க கீறீங்க? இன்னா சத்தம்?"

"வெளிய வந்தேன். சொல்லு, பொண்ணு எப்டி கீறா?"

"உள்ள இட்டுக்கினு போறாங்க. துவா செய்யுங்க."

"செஞ்சுக்கினுதான் கீறேன்" என்றார். இணைப்பு அறுந்தது.

மத்தியானம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். லுப்னா நலமாக இருக்கிறாள், குழந்தைக்கு மூன்று நாள் தாண்ட வேண்டும் என்றார் டாக்டர். அஜீசுன்னிசா ஓடிவந்து ரஹீமின் நம்பரை அழுத்தினாள். போன் கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பத்துத் தடவை. கடைசியில் உமைமாவைக் கூப்பிட்டாள். உமைமா முதலில் அழுதாள்.

"பெரிம்மா, பெரிப்பா கப்பல் ஏறிட்டாரு. டிக்கெட்ட ரத்து பண்ண வோணாம்னு அன்னிக்கே சத்தியம் வாங்கிட்டாரு. கப்பல் கெளம்பின பெறவு சொன்னா போதும்னாரு."

அஜீசுன்னிசா வராந்தாச் சுவரில் சாய்ந்தாள். அவர் ஏறியது குழந்தை பிறந்ததுகூடத் தெரியாமல். விலாவில் புண் ஆறாத மனுஷன், துணைக்கு ஆளில்லாமல், காற்றழுத்தத் தாழ்வு இப்போதுதான் கலைந்த கடலில்.

அந்த மூன்று நாளும் அவள் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே நடந்தாள். ஒன்று குழந்தைகள் வார்டின் கண்ணாடி. அதற்குள் ஒரு கையளவு நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பாள். இன்னொன்று வராந்தாக் கோடி ஜன்னல். அங்கிருந்து மரங்களுக்கு மேலே ஒரு கீற்றுக் கடல் தெரிந்தது. பார்ப்பாள், திரும்பி வருவாள், மறுபடி போவாள். நர்ஸ்கள் அவளுக்கு வழிவிடப் பழகிக்கொண்டார்கள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தெரியாது.

"அத்தா வர்றாரும்மா, அத்தாவுக்கு ஒண்ணும் ஆவாது" என்று லுப்னா படுத்தபடியே தேற்றினாள். தேற்ற வந்தவளை மகள் தேற்றுகிறாளே என்று அஜீசுன்னிசாவுக்கு வெட்கமாக இருந்தது.

சுஃபியான் தினமும் துறைமுக ஆபீசுக்குப் போய் விசாரித்து வந்தான். "கப்பல் நேரத்துக்கு வருது மாமி. உள்ள டாக்டர் இருக்காரு." ஆனால் ரஹீம் என்ற ஒரு ஆளைப் பற்றி யாராலும் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை காலை குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து லுப்னாவின் மார்பில் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு அஜீசுன்னிசா சுஃபியானோடு துறைமுகத்துக்கு ஓடினாள். கப்பல் கரையணைந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டைகள், குழந்தைகள், பிளாஸ்டிக் குடங்கள். அவர் இல்லை. கூட்டம் குறைந்தது. அப்போதும் இல்லை. சுஃபியான் ஏணியை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு, ஒரு கப்பல் ஊழியர் தோளைப் பிடித்திருக்க, ரஹீம் ஒவ்வொரு படியாக இறங்கினார். மூன்று நாள் தாடி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வழியெல்லாம் வாந்தி, ஆனால் மூச்சுக்குக் குறைவில்லை, அவ்வப்போது சோதித்துப் பார்த்தோம் என்றார் அந்த ஊழியர்.

அஜீசுன்னிசா மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த வசவையெல்லாம் கொட்ட வாயைத் திறந்தாள். ரஹீம் கேட்கப் பயந்தவர்போல அவள் முகத்தையே பார்த்தார். அவரும் மூன்று நாள் தெரியாமல் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பொண்ணு" என்றாள். "ரெண்டு பேரும் நல்லா கீறாங்க."

ரஹீம் அப்படியே துறைமுகத் தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. சுஃபியான் வேறு பக்கம் பார்த்தான். அவள் பக்கத்தில் குந்தி, அவர் அடங்கும்வரை காத்திருந்தாள்.

ஆட்டோவில் ஏறிய பிறகுதான் திட்ட ஆரம்பித்தாள். புத்தி கெட்ட மனுஷா என்று தொடங்கி ஆஸ்பத்திரி வாசல்வரை நிறுத்தவில்லை. ரஹீம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கட்டடம் கண்ணில் பட்டபோது மட்டும், வெளியே எட்டிப் பார்த்து, "எந்த மாடி?" என்று கேட்டார்.