கலந்து பேசிட்டுச் சொல்றாங்களாம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் அம்மணி ஹாலை இரண்டு முறை பினாயில் போட்டுத் துடைத்துவிட்டாள். மறைமலை நகர் கம்பெனி கேன்டீனில் ஆறு நாள் பாத்திரம் கழுவுகிறவளுக்கு அன்று ஒருநாள்தான் லீவு. கட்டிலில் படுத்திருந்த கணவன் சவுரிமுத்துவுக்குப் புதுத் துண்டு போர்த்தி, மாத்திரை டப்பாவை அலமாரிக்குள் தள்ளினாள். பெருங்களத்தூரில் இந்த வீட்டை விற்கச் சொல்லி வைத்து நான்கு மாதம் ஆகிறது. இன்றைக்கு வருவது ஆறாவது பார்ட்டி.

புரோக்கர் எத்திராஜ் ஒரு கணவன் மனைவியை அழைத்துவந்தார். அந்த அம்மாள் வாசலிலேயே நின்று கட்டிலைப் பார்த்தாள்; டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி வீங்கிப் போயிருந்த கையைப் பார்த்தாள். கணவர் மட்டும் சமையலறை வரை போய்த் திரும்பினார். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. போட்டு வைத்த காபி ஆறிப்போனது.

எத்திராஜிடம் ஒரு நல்ல பழக்கம். மற்ற புரோக்கர்கள் வீட்டைக் காட்டிவிட்டுக் காணாமல் போவார்கள். இவர் பார்ட்டி வந்துபோன அன்று சாயங்காலமே போன் செய்துவிடுவார். அன்றும் செய்தார்.

"இன்னாண்ணா சொன்னாங்க?"

"வூட்ல கலந்து பேசிட்டு சொல்றேன்னாங்கம்மா."

"புடிச்சிருக்குதாமா?"

"புடிக்காம இன்னா? சொல்லுவாங்க."

முந்தைய ஐந்து பேரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். புரோக்கர் தொழிலில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம். பாவம், அம்மணிக்கு அந்தத் தொழில் தெரியாது. கலந்து பேசுகிறார்கள் என்றே நம்பினாள். தன் கிட்னியில் ஒன்றைக் கணவனுக்குக் கொடுக்க டெஸ்ட் எல்லாம் முடித்தாயிற்று. வீடு விற்றால்தான் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க முடியும்.

செவ்வாய்க்கிழமை எத்திராஜ் அந்தப் பக்கமாக வந்தார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மணி கேட்டிலேயே அவரை நிறுத்தினாள்.

"அண்ணா, நேத்து பின்தெரு ஹரிபிரசாத் சார் வந்தாரு. வூட்ட இடிச்சிட்டு குடோன் கட்டணுமாம். மனைக்கு மட்டும்தான் வெலை குடுப்பேன்னாரு. நான் முடியாதுன்ட்டேன். ஆறு பேரு கலந்து பேசிகினு கீறாங்க, நான் இன்னாத்துக்கு கொறைக்கணும்? அவரு ராத்திரியே வண்டலூராண்ட வேற எடத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாராம்."

எத்திராஜ் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாரும் பேசலம்மா. யாரும் சொல்லவும் மாட்டாங்க."

"நீங்கதானே சொன்னீங்க?"

"உள்ள வர்றப்பவே உன் வூட்டுக்காரரப் பாத்துர்றாங்க. சீக்கு வந்த வூடு, ராசியில்லன்னு வெளிய வந்து என்னாண்ட சொல்றாங்க. அத உன்னாண்ட நான் எந்த வாயால சொல்றது?"

"மொத ஆளு வந்தப்பவே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்த அம்மணி, ஹாலுக்குள் கேட்டுவிடும் என்று நிறுத்திக்கொண்டாள். அதற்குள் கேட்டுவிட்டது.

"அடுத்த பார்ட்டி எப்போ எத்திராஜு?" உள்ளே இருந்து சவுரிமுத்துவின் குரல் வந்தது. "நான் ஆட்டோல போயி குந்திக்கிறேன்."

அடுத்த ஞாயிறு தெருமுனையில் ஒரு ஆட்டோவின் பின்சீட்டில் சவுரிமுத்து உட்கார்ந்திருந்தார். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். ஊரார் வீடுகளில் கொத்தனார் வேலை செய்துவிட்டு வந்து, சாயங்காலங்களில் கல் கல்லாகத் தானே கட்டிய வீடு அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. கட்டிலைப் பக்கத்து வீட்டில் போட்டிருந்தார்கள். இந்த முறை வந்த பார்ட்டி இருபது நிமிஷம் உள்ளே இருந்தார், மொட்டைமாடிக்கும் போனார். வெளியே வந்தவர், எத்திராஜ் போனில் பேசிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து நேராக ஆட்டோவிடம் வந்தார்.

"ஐயா, அந்த வீடு எப்படி? கட்டடம் ஸ்ட்ராங்கா? உள்ள யாருக்காவது சீரியஸா உடம்பு சரியில்லாம, அந்த மாதிரி ஏதாவது உண்டா?"

சவுரிமுத்து கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"நல்லா கட்ன வூடு சார். ஆளுங்கள எனக்குத் தெரியாது. நான் வேற ஏரியா."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கேட்டைப் பிடித்துக்கொண்டு அம்மணி நின்றிருந்தாள். பார்ட்டியின் கார் திரும்பிப் போகும்வரை சவுரிமுத்து அவளை யாரோ ஒருத்தியைப் போலவே பார்த்துக்கொண்டிருந்தார்.