கவ்வுகிற வாய்க்கு ஒரு கை

1

இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரமாகத் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் என்மேல் கோபப்படுவதைவிட இது மேல்.

எங்கள் நாய் டாக்டர் ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டே, "நீங்கதான் எழுதுறவங்களாச்சே. பெரிய ஜாதிக் குட்டிங்க கையைக் கவ்வுறதை எப்படி நிறுத்துறதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன். வர்றவங்ககிட்ட சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டு போச்சு" என்றார். நானும் பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டேன். அப்போது என் கையிலேயே இரண்டு இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

ஊசி போட்டுக்கொண்டவர் எங்கள் வீட்டுப் பெரியவர். கைக்குழந்தை வயதுதான். ஆனால் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டு, மடியில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? (மருத்துவமனைச் சீட்டில் அவருக்கு வேறொரு பெயர் இருக்கிறது. அதற்கு அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.)

2

முதலில் எழுதிய வரி: "நாய்க்குட்டிகள் உலகத்தை வாயால்தான் தொட்டுப் பார்க்கின்றன." உண்மைதான், ஆனால் பாடப்புத்தக வாடை அடித்தது. எடுத்துவிட்டேன்.

அடுத்தது: "கடிபட்ட கையை வெடுக்கென்று இழுத்தால் குட்டி அதை விளையாட்டு என்று நினைத்து இன்னும்—"

அந்த இடத்தில் முன்னறையிலிருந்து என் கணவர் அலறினார். கையை வெடுக்கென்று இழுத்திருந்தார்.

அவர் வேலை பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து மெழுகிலும் பிளாஸ்டரிலும் அளவு பார்த்து, ஒவ்வொரு பல்லாகச் செதுக்குவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கட்டைவிரலில் ஒரு கீறல் விழுந்தாலும் செதுக்குக் கத்தி நழுவும். அன்று விரலை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னொரு தடவை ரத்தம் வந்துச்சுன்னா இவரைக் குடோன்காரருக்குக் குடுத்துருவேன். அவர் ரொம்ப நாளா காவலுக்கு ஒரு பெரிய நாய் கேட்டுட்டிருக்காரு."

"அங்க போனா பகல் முழுக்கச் சங்கிலியில கட்டிப் போடுவாரு."

"தெரியும். எனக்கு மட்டும் ஆசையா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வலியால் மட்டும் இல்லை.

3

டாக்டர் சொன்ன முறை எளிமையானது. குட்டி அழுத்திக் கவ்வினால் 'ஆ' என்று ஒரே ஒரு சத்தம். கையை இழுக்கக் கூடாது, அப்படியே அசையாமல் வைக்க வேண்டும். குட்டி கையை விட்டதும் எழுந்து அறையை விட்டுப் போய்விட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து பொம்மையைக் கொடுக்கலாம். அடிக்கக் கூடாது, வாயைப் பிடித்து அமுக்கக் கூடாது. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. அவர் பழக்கதோஷத்தில் கையை இழுப்பார். நான் சிரித்துத் தொலைப்பேன். பெரியவருக்கு இரண்டுமே கொண்டாட்டம்.

ஆகவே, சரியாகச் செய்யக்கூடிய ஒருத்தியைத் துண்டுப்பிரசுரத்துக்குள் எழுதினேன். இழுக்காதவள், சிரிக்காதவள், மெலிந்த கை உள்ளவள். ஆளுக்கு உயிர் வர வேண்டுமே என்று கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டிவிட்டேன். (கதாசிரியர்களின் மலிவான வித்தை. எப்போதும் பலிக்கும்.) பெயர் வைக்கவில்லை, ஒரு பக்கத்துக்கு எதற்குப் பெயர்?

"கடிகாரத்தை உட்பக்கம் திருப்பிக் கட்டிய மெலிந்த கையோடு அவள் தரையில் உட்கார்ந்தாள். குட்டி அவள் மணிக்கட்டைக் கவ்வியது. 'ஆ' என்றாள். கையை இழுக்கவில்லை. அசையாமல் இருந்தாள்."

அந்த இடத்தில் தாள் முடிந்தது. மறுபக்கத்தில் எழுத வேண்டியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனேன்.

4

மறுநாளிலிருந்து பெரியவர் எங்களைக் கடிக்கவில்லை.

கவ்வினார். ஆனால் முட்டையை வாயில் வைத்திருப்பது போல அத்தனை பக்குவமாகக் கவ்வினார். என் கணவர் வேண்டுமென்றே விரலைக் கொடுத்துப் பார்த்தார். பெரியவர் அதை நக்கிவிட்டு விட்டுவிட்டார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரிடம் தொலைபேசியில் பெருமையடித்தேன். பிரசுரத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

ஒரு பிற்பகல், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சாமான் அறையிலிருந்து 'ஆ' என்று ஒரு சத்தம் கேட்டது. அளவான, பொறுமையான சத்தம். கணவர் முன்னறையில் வேலையாக இருந்தார். எட்டிப் பார்த்தேன். பழைய பெட்டிகளுக்கு நடுவே பெரியவர் படுத்திருந்தார். வாய் பாதி திறந்திருந்தது. தாடை எதையோ சுற்றி நின்றது, மூடவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை.

(இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். பயந்தேன் என்பதை அதில் மூன்று விதமாகச் சொல்லியிருந்தேன். பயந்தேன்.)

5

கணவர் நம்பவில்லை, ஆனால் ஆர்வம் வந்துவிட்டது. கடியின் ஆழத்தை அளக்க அவர் தொழிலில் மெழுகுத் தகடுதான். வெந்நீரில் இளக்கிய ஒரு தகட்டைச் சாமான் அறைத் தரையில் வைத்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் பெரியவர் அதை வாயில் ஏந்திக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டார்.

தகடு வளைந்து குழாய் மாதிரி ஆகியிருந்தது. வெளிப்பக்கம் பால்பற்களின் ஊசித் தடம், மிக மெல்லியதாக. உட்பக்கம் தோலின் ரேகைகள். நடுவில் சின்ன வட்டமாக ஒரு பள்ளம்.

வேறு யாராக இருந்தாலும் அதைத் தூக்கி எறிந்திருப்பார்கள். என் கணவர் பிளாஸ்டரைக் கரைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"அச்சுன்னு ஒண்ணு கைக்கு வந்துட்டா ஊத்தாம இருக்க முடியாதும்மா. கை தானாப் போகுது."

மெழுகை உருக்கி எடுத்ததும் வளையல் அகலத்துக்கு ஒரு வெள்ளை மணிக்கட்டு மேசையில் நின்றது. உட்பக்கம் கடிகாரத்தின் வட்டம். நான் எழுதியதை அவருக்குக் காட்டியதே இல்லை.

"பொம்பளைக் கை" என்றார், திருப்பிப் பார்த்துக்கொண்டே. "உன்னோடது இல்ல. உன்னோடது இதைவிட நல்லாப் பருமன்."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

6

அன்றே அவளை அடித்தேன். ஐந்து வாக்கியங்கள்தானே, ஒரு கோடு போதும்.

கோடு போட்ட மை காய்வதற்குள் முன்னறையில் சத்தம். பெரியவர் கணவரின் கட்டைவிரலை எலும்புவரை கடித்திருந்தார். கடித்துவிட்டு, யாரையோ தேடுவது போல வீடு முழுக்க மூக்கை வைத்துக்கொண்டு அலைந்தார்.

கட்டுப் போட்டுக்கொண்டு வந்த கணவர் நேராகக் குடோன்காரருக்குப் போன் செய்யப் போனார். நான் ஓடிப்போய் அந்த ஐந்து வாக்கியங்களையும் திரும்ப எழுதினேன், எழுத்து மாறாமல். பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனைக் கீழே வைத்தார்.

"அப்ப அவ இருக்கட்டுமே" என்றார். "நமக்கு என்ன தொந்தரவு?"

இருந்தாள். பெரியவர் மறுபடி பூப்போல ஆனார்.

7

(இந்தக் கதாபாத்திரத்தின்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் உண்டு. இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கும்? விமர்சகர்கள் கேட்பார்கள். நான் கேட்டிருக்க வேண்டும்.)

பால்பற்கள் விழத் தொடங்கின. தரையில் அரிசி மாதிரி கிடக்கும். அந்த இடங்களில் புதுப் பற்கள் முளைத்தன, என் சுண்டுவிரல் நுனி அளவுக்கு. சாமான் அறையில் 'ஆ' அடிக்கடி கேட்டது. இப்போது அது அளவான சத்தமாக இல்லை.

கணவர் இன்னொரு தகட்டை வைத்தார். வந்த தகட்டில் மெல்லிய தடம் இல்லை. உட்பக்கம் மெழுகு முள்ளாகப் பிதுங்கும் அளவுக்கு ஆழமான குத்துகள் இருந்தன. பிளாஸ்டர் ஊற்றி எடுத்தபோது மணிக்கட்டில் நான்கு குழிகள். ஒன்றில் என் பேனா நுனி முழுதாக இறங்கியது.

"நம்மகிட்ட எவ்வளவு பதமா இருக்காரு" என்றார் கணவர் மெதுவாக.

"எல்லாத்தையும் அவகிட்ட வச்சுக்கிறாரு."

"கதையில வர்ற ஆளுதானே?"

அப்படிக் கேட்டவர் அந்த இரண்டாவது அச்சை மற்றதன் பக்கத்தில் வைக்கவில்லை. துணியில் சுற்றி இழுப்பறையில் போட்டு மூடினார்.

தாளை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. 'ஆ' என்றாள், இழுக்கவில்லை, அசையாமல் இருந்தாள். அவ்வளவுதான். எழுந்து அறையை விட்டுப் போகலாம் என்று நான் அவளுக்கு எழுதவே இல்லை. குட்டி சரியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் மறுபக்கத்தைத் திருப்பக்கூட இல்லை. குட்டி கையை விட்டதும் எழுந்து போவதுதான் அந்த முறையின் உயிரே. அதில்லாமல் குட்டி என்னத்தைக் கற்றுக்கொள்ளும்? ஒருத்தி உட்கார்ந்தே இருப்பாள் என்பதைத்தான்.

8

முடிவுகள் சிலவற்றை யோசித்தேன்.

அவள் எழுந்து போகிறாள், பெரியவர் தவறைப் புரிந்துகொள்கிறார், அவள் பொம்மையோடு திரும்பி வருகிறாள், எல்லாரும் நலம். டாக்டருக்குப் பிடித்த முடிவு.

அவள் எழுந்து போகிறாள், திரும்பி வருவதில்லை. பெரியவர் இந்தப் பற்களோடு எங்களிடம் வருகிறார். பிறகு கணவருக்கு விரல் இல்லை, எனக்கு நாய் இல்லை.

அவள் அப்படியே இருக்கிறாள். இதற்கு நான் ஒன்றுமே எழுத வேண்டியதில்லை. இதுதான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

முதல் இரண்டில் எதுவானாலும் பரவாயில்லை என்று, வெட்கம் தாங்காமல், தாளைத் திருப்பினேன். "அவள் எழு—" என்று தொடங்கியபோது பெரியவர் வந்தார். அவசரப்படாமல் வந்து, எழுதுகிற என் மணிக்கட்டை வாயில் எடுத்துக்கொண்டார். கடிக்கவில்லை. ஒரு பல்கூட அழுந்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு பிடித்திருந்தார், அவ்வளவுதான். பேனாவைக் கீழே வைத்தேன். விட்டுவிட்டுச் சாமான் அறைக்குப் போனார்.

மறுபடி முயன்றேன். மறுபடி வந்தார்.

மற்றதையெல்லாம் எழுத விடுகிறார், இந்தக் கதையைக்கூட. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விடுவதில்லை. எனக்குத் துணிவும் இல்லை. என் கைக்காகப் பயப்படுகிறேன், பெரியவரை இழக்கப் பயப்படுகிறேன், இரண்டையும் ஒளிக்கவில்லை.

உங்கள் கையை யாரும் பிடித்திருக்கவில்லை. உங்களுக்கு இங்கே நாயும் இல்லை, கட்டைவிரலும் இல்லை. ஆகவே அந்த வாக்கியத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். நல்ல நடை வேண்டாம், எழுந்து போனாள் என்று இருந்தால் போதும். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ஆனால் தள்ளிப்போடாதீர்கள். சாமான் அறையிலிருந்து இப்போதெல்லாம் 'ஆ' கேட்பதில்லை. பெரியவர் திருந்திவிட்டார் என்று கணவர் சொல்கிறார். நான் கதவருகே நின்று கேட்டேன். தாடை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. பழகிக்கொண்டது அவள்தான்.

அவள்