எழுந்திருக்க ஒரு சிரிப்பு

ராக்குகோ என்னும் ஜப்பானிய நகைச்சுவைக் கதையைச் சொல்கிறவர், கடைசி வரிக்கு யாராவது சிரிக்கும்வரை, உட்கார்ந்திருக்கும் மெத்தையை விட்டு எழுந்திருக்க முடியாது. ஜப்பானில் இது ஒரு தொல்லையே இல்லை. அங்கே கடைசி வரி வருவதற்கு முன்பே சிரித்துவிடுகிற அவசரக்காரர்கள் நிறைய உண்டு. ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் கதைசொல்லி தொராசோ உட்கார்ந்து அந்தச் செவ்வாய்க்கிழமையோடு பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

பக்கத்து மெத்தையில் வேணி உட்கார்ந்திருந்தாள். அவள் மொழிபெயர்ப்பாளர். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஜப்பான் கம்பெனியில் எட்டு வருஷம் போல்ட்டையும் நட்டையும் தமிழ்ப்படுத்தியவள். பாதிக் கதை அவர் வாயிலும் மீதிப் பாதி அவள் வாயிலும் இருந்ததால், அவர் எழுந்திருக்காமல் அவளும் எழுந்திருக்க முடியாது. சாப்பாடு வேளாவேளைக்கு மேடைக்கே வந்தது. குளிப்பது முதலானவை பற்றி நாகரிகம் கருதி யாரும் கேட்கவில்லை. நடுவில் அதே மேடையில் இரண்டு கல்யாணங்கள் நடந்தன. மாப்பிள்ளை வீட்டார் இவர்களைப் பெண் வீடு என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்றும் நினைத்துக்கொண்டு நன்றாகவே உபசரித்தார்கள்.

கதையில் ஒரு குறையும் இல்லை. ஒருவர் தன் பழமரத்துக்குக் காவல் இருக்கிறார். கண்ணைச் சொருகுகிறது. அப்போது திருடன் வருகிறான். "கொஞ்ச நேரம் நீ பார்த்துக்கொள்ளப்பா" என்று அவனிடம் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறார். எழுந்ததும் திருடன் அவரிடம் சண்டைக்கு வருகிறான்: "ஒரு பழம் தின்னக்கூட நேரமில்லையே ஐயா! எத்தனை திருடர்களைத்தான் ஒருத்தன் விரட்டுவது?" இதைத் தொராசோ இடப்பக்கம் திரும்பி ஒரு ஆளாகவும் வலப்பக்கம் திரும்பி இன்னொரு ஆளாகவும் சொல்வார். விசிறியே மரம், விசிறியே பழம். வேணி ஐம்பத்துமூன்று முறை தமிழில் சொல்லிவிட்டாள். அவளுக்கு வாய் வலித்தது, மனசும் வலித்தது. அந்தத் திருடனைக் கண்டாலே ஆகவில்லை.

கோளாறு தொடக்கத்தில் இருந்தது. கதைக்கு முன்னால் தொராசோ சபையைப் பார்த்து, நெற்றி தரையில் படும்படி வணங்குவார். உடனே முன்வரிசைப் பெரியவர்கள் பதறி எழுந்து, இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் செய்வார்கள். சிலர் மடியிலிருந்து திருநீறு எடுத்தார்கள்.

"கால்ல விழுந்த மனுசனப் பாத்து எப்பிடிம்மா சிரிக்கிறது?" என்றார் இந்தக் கதை நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்த சங்கத்தின் தலைவர் வன்னியப்பெருமாள். நூல் மில் முதலாளி, நல்ல மனிதர். "நல்லா இருய்யான்னு சொல்லத்தான் வாய் வருது."

வேணி அதைத் தொராசோவிடம் சொன்னாள். வணங்காமல் தொடங்கினால் அது வெறும் பேச்சு, பேச்சுக்கு எவ்வளவு சிரித்தாலும் எழுந்திருக்க முடியாது என்றார் அவர். அவர் குரலும் தேய்ந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலம் மதுரையிலிருந்து வேணியின் அம்மா வடிவாம்பாள் போனில் கூப்பிட்டாள். வியாழக்கிழமை காலை அவளுக்குக் கண் ஆபரேஷன்.

"நீ பக்கத்துல வந்து நிக்கணும்டி. வேற யாரும் வேண்டாம் எனக்கு. நீ வரலைன்னா நான் படுக்கவே மாட்டேன்."

"வந்துர்றேம்மா" என்றாள் வேணி. எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. போனை வைத்துவிட்டு அழுதாள். தொராசோ தன் கைத்துண்டைக் கொடுத்தார். அதுவரை கதையில் கடிதமாகவும் புகையிலைப் பையாகவும் இருந்த துண்டு அது.

புதன்கிழமை வன்னியப்பெருமாள் ஒரு யோசனையோடு வந்தார். "ஊர்க்காரங்க எல்லாரும் அவரு கால்ல விழுந்துர்றோம். ஒண்ணுக்கொண்ணு நேராப் போயிரும். அப்புறம் சிரிக்கத் தடையில்ல பாருங்க."

முந்நூறு பேர் வந்தார்கள். வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லாமல் இருக்க முடியுமா? பருப்பு, சாம்பார், புளிக்குழம்பு, ரசம், பாயசம், தயிர் என்று பந்தி நடந்தது. பிறகு நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, முந்நூறு பேரும் மொசைக் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். அதைப் பார்த்துத் தொராசோ சும்மா இருப்பாரா? அவரும் வணங்கினார். அவர் வணங்கியதால் அவர்கள் மறுபடி விழுந்தார்கள். இப்படிப் பதினோரு முறை நடந்தது. பன்னிரண்டாம் முறை விழுந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. வயிறு நிறைந்திருந்தது, தரை குளுகுளு என்றிருந்தது, தலைக்குமேல் மின்விசிறி சுற்றியது. எல்லாரும் தூங்கிப்போனார்கள்.

தொராசோ கதையைத் தொடங்கினார். தூங்குகிறவர்களுக்குச் சொல்லக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. வேணி பின்னாலேயே தமிழில் சொன்னாள், தாழ்ந்த குரலில், யாரையும் எழுப்பிவிடாமல். திருடன் சண்டைக்கு வந்தான். எத்தனை திருடர்களைத்தான் ஒருத்தன் விரட்டுவது என்று கேட்டான்.

வன்னியப்பெருமாள்தான் முதலில் தூக்கத்தில் சிரித்தார். பிறகு அவருக்குப் பக்கத்தில் கிடந்தவர். பிறகு மண்டபம் முழுவதும், கண் திறக்காமல், தொந்தி குலுங்கச் சிரித்தது.

தொராசோ எழுந்து நின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேணியால்தான் முடியவில்லை. அவளுடைய கால்கள் மரத்துப்போய், ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தன. தட்டினாள், கிள்ளினாள். அவை அசையவில்லை. மதுரைக்குக் கடைசி பஸ் இருக்கிறதா என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"என்னுடையதை எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார் தொராசோ. "பதினைந்து வயதிலிருந்து மடக்கிப் பழகிய கால்கள். சுலபத்தில் மரத்துப்போகாது."

"உங்களுக்கு?"

"எனக்கு உட்காருவதுதானே தொழில்."

அவர் மறுபடி மெத்தையில் உட்கார்ந்தார். வேணியின் கால்களைப் பக்கத்து மெத்தையில் படுக்கவைத்து, கைத்துண்டால் போர்த்தினார். வேணி வெள்ளைக் காலுறை போட்ட அவருடைய கால்களோடு பஸ் ஏறினாள். கண்டக்டர் அவளுக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார்.

வியாழக்கிழமை காலை வடிவாம்பாளைப் பச்சை அங்கி மாட்டிக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். வேணி பக்கத்தில் போய் நின்றாள். ஆள் இருக்கும் இடத்தைக் கண்டதும் தொராசோவின் கால்கள் பழக்கதோஷத்தில் மடங்கிவிட்டன. அவள் எழுந்தாள். அவை மறுபடி மடங்கின.

"நிக்கச் சொன்னா உக்காருற?" என்றாள் அம்மா.

"நிக்க மாட்டேங்குதும்மா."

"யாரு காலுடி இது?"

"வேலை செய்ற எடத்துல குடுத்தாங்க."

அம்மா நல்ல கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டிலின் ஓரமாகக் கையை நீட்டினாள். மண்டியிட்டிருந்த வேணியின் கன்னம் அந்தக் கைக்குச் சரியான உயரத்தில் இருந்தது.

"இதுவே நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. "நின்னா முகம் தெரியாது."

உள்ளே கூட்டிப்போகும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. வேணி கண்ணை மூடிக்கொண்டாள். இருபது நாளில் அவள் யாருக்காகவும் எதையும் மொழிபெயர்க்காமல் இருந்தது அந்தச் சில நிமிஷங்கள்தான்.

அம்மாவை உள்ளே கொண்டுபோனதும் போன் அடித்தது. வன்னியப்பெருமாள்.

"ஒங்க காலு ரெண்டும் முழிச்சிருச்சும்மா. கஞ்சி குடிச்சிட்டுப் போகச் சொல்லி அவரு எவ்வளவோ சாடை காட்டிப் பாத்தாரு, கேக்கல. வீட்டுக்குப் போகணும்னு நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருச்சு. இப்பத்தான் மதுரை பஸ்ஸுல ஏத்திவிட்டு வர்றேன்."

"உக்கார எடம் கெடச்சுதா?" என்று கேட்டாள் வேணி.

"எங்க... ஒரே கூட்டம். நின்னுக்கிட்டுதான் வருது."