மரியநாயகத்தின் இதயப் படம்

எண்பத்தொன்பதாம் ஆண்டு தொடக்கத்தில் கரம்பொன் ஊர் மரியநாயகத்தின் கால்கள் வீங்கின. ஊர் அதை யானைக்கால் என்றது. அவருடைய மனைவி கிறேஸ் நம்பவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று அவர் சாய்கதிரையிலேயே உறங்குவதைப் பார்ப்பவள் அவள். யாழ்ப்பாணத்து டொக்டர், இதயம் பெருத்திருக்கிறது என்று கொழும்புக்கு அனுப்பினார்.

கொழும்பில், கிறேஸ் பக்கத்தில் நிற்க, டொக்டர் பரராசசிங்கம் அவரை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் குளிர்ந்த களிம்பு பூசி, ஸ்கான் கருவியை நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறமாய் ஏதோ துடித்தது.

"இதயத்தின்ரை நுனி மெலிஞ்சு பலூன் மாதிரி வெளியாலை தள்ளுது. உள்ளுக்கை இரத்தக்கட்டியும் கிடக்கு," என்றார். "மாரடைப்பு வந்த அடையாளமில்லை. பிரேசில் பக்கம் இருந்தனீங்களோ?"

"கப்பலிலை போய் வந்தனான்."

"அது காணாது. சும்மா போய்வாறதாலை இது பிடிக்காது. அங்கை மண்சுவர் வெடிப்பிலை ஒரு பூச்சி இருக்கு. கடிச்சால் கிருமி இரத்தத்திலை ஏறி, கனவருசத்துக்குப் பிறகு இதயத்தைத் தின்னும். அப்பிடியான வீட்டிலை சீவிச்சனீங்களோ?"

மரியநாயகம் கூரையைப் பார்த்தார்.

"ஓம். ஆறு வருசம்."

அந்த ஆறு வருசமும் அவர் கப்பல் வேலையாய்க் கடலில் நிற்கிறார் என்றுதான் கிறேஸ் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். திரும்பி வரும் கோச்சி ரயில் அனுராதபுரம் தாண்டியபோது அவள் கேட்டாள்.

"அங்கை ஆர் உங்களுக்குச் சமைச்சுத் தந்தது?"

"தெரேசா எண்டு ஒருத்தி."

"பிள்ளையள்?"

"ஒரு பெட்டை."

கிறேஸ் யன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அந்தப் பூச்சி அதுகளையும் கடிச்சிருக்குமெல்லே?"

அவர் அதை யோசிக்கவேயில்லை.

ஊருக்கு வந்ததும் கிறேஸ் பங்குச் சாமியாரிடம் போனாள். அவரிடம் கேட்டறிந்த பெட்டையின் பெயரையும் ஊரையும் சொல்லி, தாய்க்கும் மகளுக்கும் இரத்தம் சோதிக்கும்படி அங்குள்ள கோயிலுக்கு எழுதுவித்தாள். சாமியார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்து ஒட்டினார்.

ஆடியில், அந்த இரத்தக்கட்டி மூளைக்குப் போய் மரியநாயகத்தின் வலக்கையும் பேச்சும் விழுந்தன. பதில் வந்தது கார்த்திகையில். பெட்டையின் இரத்தத்தில் கிருமி இருந்தது. இதயம் இன்னும் பழுதாகவில்லை, மருந்து தொடங்கியிருந்தார்கள். தெரேசா சில வருசங்களுக்கு முன்பே பருத்தித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கையில் திடீரெனச் சுருண்டு விழுந்து இறந்துபோயிருந்தாள்.

பெட்டையின் சங்கதியைக் கிறேஸ் அன்றே அவருக்குச் சொன்னாள். மற்றதை ஞாயிறு பூசை முடிந்து வந்துதான் சொன்னாள். அவர் சத்தமில்லாமல் அழுதார். அழுது முடியும்வரை பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டு, அவள் கஞ்சி கரைக்கக் குசினிக்குப் போனாள்.